ஏழு பெரிதா, ஐந்து பெரிதா?

நேரு பிளேஸ் பக்கம் ஒரு தடவையாவது போகாத தில்லித் தமிழ்க் குடும்பம் இன்று அபூர்வம். முன்பெல்லாம் ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப்மினார், செங்கோட்டை, மலை மந்திர் என்று வரிசையாக அழைத்துப் போவோம். இப்போது அந்தப் பட்டியலில் நேரு பிளேஸும் சேர்ந்துவிட்டது. பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாயிற்று, மடிக்கணினி வேண்டும் என்கிறான். புதிதாக வாங்க ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று கையில் இல்லை. ஆகவே பெரிய அலுவலகங்கள் கழித்துப்போட்ட இயந்திரங்களைத் துடைத்து, பழுது பார்த்து விற்கும் கடைகளை நோக்கி நடக்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மட்டமான புதிய இயந்திரத்தைவிட நல்ல பழைய இயந்திரம் மேல் என்பதே என் கட்சி.

ஆனால் அங்கே போய் நாம் எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. அதைப் பிறர்மீது சொல்வதற்கு முன் என் தவற்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2025 ஜூன் மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவர், மனைவியோடும் பி.சி.ஏ. சேரவிருந்த மகனோடும் மடிக்கணினி வாங்கப் புறப்பட்டார். நானும் துணைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு இயந்திரங்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு, ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்றின் ஓரத்தில் 'ஐ7' என்று ஒட்டியிருந்தது, விலை ரூ.18,000. மற்றதில் 'ஐ5', விலை ரூ.16,000. எது நல்லது என்று அன்பர் கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஆப் ஹி பதாயியே சாப், சாத் படா ஹை யா பாஞ்ச்?" என்றார். ஏழு பெரிதா ஐந்து பெரிதா என்று நீங்களே சொல்லுங்கள் என்கிறார்! முப்பத்தைந்து ஆண்டுகள் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் கணக்குப் பார்த்த எனக்கு இதற்குப் பதில் தெரியாதா? "இரண்டாயிரம் பார்க்காதே அப்பா, ஏழையே வாங்கு" என்றேன். அன்பரின் மனைவி, "அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கைப்பையைத் திறந்தார். அது அவர் மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.

அக்டோபரில் அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தான். "மாமா, இதில் விண்டோஸ் 11 போட முடியாதாம். ஐ5 வாங்கியிருந்தால் போட்டிருக்கலாமாம்" என்றான். என்னைக் குறை சொல்லும் குரலில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். கடையில் வைத்திருந்த இரண்டு பிராசஸர்களின் முழுப் பெயர் இதுதான்: ஒன்று இன்டெல் கோர் ஐ7-7500யு; மற்றது இன்டெல் கோர் ஐ5-8250யு. முதலாவது 2016 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது சரியாக ஓராண்டு கழித்து, 2017 ஆகஸ்டில் வந்தது. இந்த ஓராண்டுக்குள் நடந்ததுதான் கதை.

பிராசஸருக்குள் வேலை செய்கிற பகுதிக்குக் 'கோர்' என்று பெயர். கல்யாணச் சமையற்கட்டில் சமையற்காரர்கள் எத்தனை பேர் என்பதைப் போல வைத்துக்கொள்ளுங்கள். ஐ7-7500யுவில் சமையற்காரர் இரண்டு பேர். ஐ5-8250யுவில் நான்கு பேர். இரண்டிலுமே ஒவ்வொருவரும் ஒரே சமயத்தில் இரண்டு அடுப்பைக் கவனிக்கும் வித்தை தெரிந்தவர்கள்; ஆகவே கணினி இவற்றை நான்கு, எட்டு என்று எண்ணிக் காட்டும். அவசரத்துக்குப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் சாமான் அலமாரிக்குக் 'கேஷ்' என்று பெயர். அது ஐ7-இல் 4 எம்.பி., ஐ5-இல் 6 எம்.பி.

"அப்படியானால் வேகம்?" என்று கேட்பீர்கள். கடைக்காரரும் அதைத்தான் காட்டினார். ஐ7-இன் அடிப்படை வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ், ஐ5-இன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். திரையில் இந்த இரண்டு எண்களையும் பார்த்தால் யாருக்கும் ஐ5 சோம்பேறி என்றுதான் தோன்றும். இங்கேதான் நாம் இரண்டாவது முறையாக ஏமாறுகிறோம்.

இரண்டு பிராசஸர்களுக்கும் தயாரிப்பாளர் ஒதுக்கிய மின்சாரம் ஒன்றே: 15 வாட். சமையற்கட்டுக்கு வருகிற கேஸ் ஒரே அளவுதான் என்று கொள்ளுங்கள். அதை இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பெரிய தீ கிடைக்கும். நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்குக் கொஞ்சம் சின்னத் தீ. அடிப்படை வேகம் என்று எழுதியிருப்பது எல்லோரும் சேர்ந்து முழுமூச்சாக வேலை செய்யும்போது, அந்த 15 வாட்டுக்குள் கிடைக்கும் உறுதியான வேகம். ஒருவர் மட்டும் வேலை செய்து மற்றவர்கள் சும்மா இருந்தால், தீ முழுவதும் அவருக்கே. அப்போது ஐ7 எட்டும் உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், ஐ5 எட்டுவது 3.4. நூற்றுக்கு மூன்று பங்குகூட வித்தியாசம் இல்லை. ஆக, ஒற்றை ஆள் வேலையில் இருவரும் ஏறக்குறைய சமம். கூட்டு வேலையில் ஐ5-க்கு ஆள் பலம் இரட்டிப்பு.

இதை நான் வெறும் காகிதத்தில் படித்து நம்பவில்லை. பையன் தன் வகுப்புத் தோழனிடமிருந்து ஐ5-8250யு உள்ள மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் அருகருகே வைத்தோம். இரண்டிலும் 8 ஜி.பி. ராம், இரண்டிலும் எஸ்.எஸ்.டி. முதலில் கடிதம் தட்டச்சு செய்தோம், செய்தித்தாள் படித்தோம், வங்கிக் கணக்கைத் திறந்தோம். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு எங்கள் வீட்டு விசேஷத்தின் நீண்ட வீடியோ ஒன்றை, எல்லாக் கோர்களையும் வேலை வாங்கும் மென்பொருள் ஒன்றின் மூலம் இரண்டிலும் ஒரே நேரத்தில் சுருக்கக் கொடுத்தோம். ஐ5 வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டபோது, ஐ7 மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டியிருந்தது. என் மனைவி காபி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்து, "இதற்கா இரண்டாயிரம் அதிகம் கொடுத்தீர்கள்?" என்றாள். நியாயமான கேள்வி.

கடைசியாக, பையன் தினசரி செய்வதையே செய்து காட்டினான். ஒரு பக்கம் ஆன்லைன் வகுப்பு ஓடுகிறது, மறுபக்கம் தான் எழுதிய நிரலை இயக்குகிறான், நடுவில் உலாவியில் பத்துப் பக்கங்கள் திறந்திருக்கின்றன. ஐ7-இல் ஆசிரியர் குரல் விட்டுவிட்டு வந்தது. ஐ5-இல் வரவில்லை. படிக்கிற பிள்ளைக்கு வேகம் என்றால் இதுதான்.

இதிலே வேடிக்கை, விலையிலும் அந்த நிறுவனமே உண்மையைச் சொல்லியிருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் பட்டியல் விலை ஐ7-7500யுவுக்கு 393 டாலர். ஐ5-8250யுவுக்கு 297 டாலர். ஓராண்டுக்குள் கோர் இரட்டிப்பு, விலை குறைவு! இப்படி ஏன் நடந்தது? அந்த 2017 மார்ச்சில்தான் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி., ரைசன் என்ற பிராசஸர்களை மேசைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மடிக்கணினிகளுக்கும் நான்கு கோர் உள்ளவற்றை அறிவித்தது. எதிர்க்கடை திறந்தால் நம் கடையில் இட்லி பெரிதாகும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும் நியதி என்றே நான் நினைக்கிறேன். அதுவரை யு என்ற எழுத்தில் முடிந்த மடிக்கணினி ஐ7 எல்லாமே இரண்டு கோர்தான். பெயர் மட்டும் ஏழு.

நம்மில் பலர் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். ஆகவே நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஐ5, ஐ7 என்பவை பதவிப் பெயர்கள். ஒன்று செக்ஷன் ஆபீசர், மற்றது அண்டர் செக்ரட்டரி. தலைமுறை என்பது சம்பளக் கமிஷன். ஆறாவது கமிஷனில் புதிதாக அமர்ந்த அண்டர் செக்ரட்டரியின் அடிப்படைச் சம்பளத்தையும், ஏழாவது கமிஷனில் புதிதாக அமர்ந்த செக்ஷன் ஆபீசரின் அடிப்படைச் சம்பளத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். யாருடையது அதிகம் என்று உங்கள் வீட்டுப் பென்ஷன்தாரரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். எந்தப் பதவி என்பதோடு எந்தக் கமிஷன் என்றும் கேட்கத் தெரிந்த நாம், கடையில் மட்டும் பதவியைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்து வைக்கிறோம்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. கோடு போட்டதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 7500 என்றால் ஏழாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10210 என்றால் பத்தாம் தலைமுறை. 1135 என்று தொடங்கினால் பதினொன்றாம் தலைமுறை. கடைசியில் உள்ள எழுத்தும் முக்கியம். யு என்றால் மின்சாரம் குறைவாகச் செலவழிப்பது. எச் அல்லது எச்.க்யூ. என்றால் அதிக மின்சாரம், அதிக வேலை. அதே ஏழாம் தலைமுறையில் ஐ7-7700எச்.க்யூ. என்று ஒன்று உண்டு. அதற்கு 45 வாட், நான்கு கோர். ஐ7-7ஒய்75 என்றும் ஒன்று உண்டு. அதற்கு 4.5 வாட், இரண்டே கோர். மூன்றுக்கும் ஓரத்தில் ஒட்டியிருப்பது அதே 'ஐ7' தான். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் தெருவில் அப்பா பெயரையும் வீட்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லவேண்டும் இல்லையா? அதைப்போலத்தான் இதுவும். இந்தக் குழப்பம் அந்த நிறுவனத்துக்கே அலுத்துவிட்டதோ என்னவோ, 2023-இல் தன் புதிய பிராசஸர்களின் பெயரிலிருந்து 'ஐ' என்ற எழுத்தையே எடுத்துவிடப்போவதாக அறிவித்தது.

இப்போது விண்டோஸ் விஷயத்துக்கு வருகிறேன். வேகக் குறைவையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுத்துக்கொள்வது கடினம். விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபர் 5-ஆம் நாள். அதற்கு மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட இன்டெல் பிராசஸர்கள் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகின்றன. ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கே விலக்கு. 7500யு அவற்றில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக் கணினிகளுக்கு மேற்கொண்டு ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என்று ஏற்பாடு. அவ்வளவுதான்.

திருத்தம் நின்றுபோன கணினி மறுநாள் காலையில் படுத்துவிடாது. வழக்கம்போல ஓடும். பூட்டு பழுதான வீட்டில் விளக்கு எரிவதைப் போல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது. அதில்தான் நாம் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம், ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறோம். ஆகவே அந்த ஓராண்டு வயது வித்தியாசம், 2016-க்கும் 2017-க்கும் நடுவில் விழுந்த அந்தக் கோடு, ஒரு குடும்பத்துக்கு நிஜமான நஷ்டத்தை உண்டாக்குகிறது. சில கடைகளில் பரிசோதனையைத் தாண்டிக் குதித்து ஏழாம் தலைமுறையிலும் விண்டோஸ் 11 போட்டுக் கொடுக்கிறார்கள். "சலேகா, சாப்" என்பார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட இயந்திரங்களுக்குத் திருத்தங்கள் வருவதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாப்ட்டே சொல்லியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, வீட்டிலிருக்கும் பழைய ஐ7-ஐ யாரும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதற்காக நான் எழுதவில்லை. அதில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், ராம் 4 ஜி.பி.யாக இருந்தால், மாற்ற வசதியுள்ள இயந்திரமானால் 8 ஆக்குங்கள். சாதாரண வேலைகளில் பிராசஸரை மாற்றுவதைவிட இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரியும் பலனைக் கொடுக்கும். விண்டோஸை விட்டு லினக்ஸ் போட்டால், இலவசமாகவே பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். எங்கள் பையன் அதைத்தான் செய்தான். கடைக்காரர் இயந்திரத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். அவர் பொய் சொன்னார் என்றும் நிரூபிக்க முடியாது. ஏழு ஐந்தைவிடப் பெரியதுதானே! லினக்ஸ் போட்ட பிறகு பாதுகாப்புக் கவலை தீர்ந்தது. கோர் இரண்டு நான்காகவில்லை. வகுப்பு நடக்கும்போது மற்றவற்றை மூடிவிட்டு வேலை செய்யப் பழகிக்கொண்டான்.

ஐ5-8250யு எல்லா இடத்திலும் வெல்லும் என்றும் நான் சொல்லமாட்டேன். நான்கு பேர் சமைக்கிற இடத்தில் புகை போக வழி வேண்டும். மிக மெல்லிய உடலும் சின்ன விசிறியும் உள்ள மடிக்கணினியில், சூடு ஏறியதும் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே பிராசஸர் ஒரு மடிக்கணினியில் சுறுசுறுப்பாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். விசிறியில் பல வருஷத் தூசு அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். தில்லித் தூசு எப்படிப்பட்டது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே வாங்கும்போது கால்மணி நேரம் வேலை கொடுத்து, விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் பார்த்து வாங்குங்கள். பேட்டரி புதிதில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்ற அறிக்கையை விண்டோஸே எடுத்துக் கொடுக்கும். அதையும் கேளுங்கள்.

பிராசஸரைச் சரிபார்க்க இரண்டு நிமிஷம் போதும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் பிராசஸரின் முழுப் பெயரும் எத்தனை கோர் என்பதும் இருக்கும். ஓரத்தில் ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள். அதை எந்த இயந்திரத்திலும் ஒட்டலாம். பிறகு ரசீதில் 'ஐ7 லேப்டாப்' என்று எழுத விடாதீர்கள். முழு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்கத் தயங்குங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கண் பரிசோதனை முகாம் வைக்கிறோம், இரத்ததான முகாம் வைக்கிறோம். கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் இரண்டு பேர் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்தால் போதும். கடையில் சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது வாங்கலாம், இது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். செலவு ஒரு ஃபிளாஸ்க் காபி. தப்புவது யாரோ ஒரு தாயாரின் ஒரு வருஷச் சீட்டுப் பணம்.

அந்த இரண்டாயிரம் ரூபாயையாவது நான் தருகிறேன் என்று அன்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாங்க மறுத்துவிட்டார். "அடுத்து பெண்ணுக்கு வாங்கும்போது எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா, அது போதும்" என்றார். இனி கடைக்காரர் ஏழு பெரிதா ஐந்து பெரிதா என்று கேட்டால், "அதற்கு அடுத்த எண்ணைச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்கப் பழகிவிட்டேன். வாசக அன்பர்களும் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.